ஜப்பானிய வாளின் வயதை எங்கே படிப்பது?

"சாமுராய் வாள், 400 ஆண்டுப் பழமை, கையொப்பம் உள்ளது, அசல்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடும் விளம்பரங்கள் இணைய ஏலத் தளங்களில் நாள்தோறும் வருகின்றன. கூடவே பளபளக்கும் அலகின் படங்கள் நான்கைந்து, அரக்குப் பூசிய கறுப்பு உறை, 'தாத்தா போரிலிருந்து கொண்டுவந்தது' என்று ஒரு வரிக் கதை. முதன்முறையாக வாங்க நினைப்பவர் பெரும்பாலும் பளபளப்பையும் கதையையும் வைத்தே முடிவெடுக்கிறார். ஆனால் வயதைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்பவை அந்த இரண்டும்தான். ஒரு ஜப்பானிய வாளின் வயது பதிந்திருப்பது பிடிக்குள் மறைந்து, யாரும் சாணை பிடிக்காமல், துருவேறிக் கிடக்கும் அடிப்பகுதியில். அந்தப் பகுதியின் படத்தைத்தான் பல விற்பனையாளர்கள் போடுவதே இல்லை.

'அசல்' என்ற சொல்லுக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இந்த வாள் ஜப்பானில், மரபு முறைப்படி அடிக்கப்பட்டதா? சொல்லப்படும் காலத்தில் அடிக்கப்பட்டதா? அதில் வெட்டியிருக்கும் பெயருக்கு உரிய கொல்லர்தான் அதை அடித்தாரா? முதல் இரண்டுக்கும் 'ஆம்' என்றும் மூன்றாவதற்கு 'இல்லை' என்றும் விடை வரும் வாள்கள் ஏராளம். 17ஆம் நூற்றாண்டில் ஏதோ ஓர் ஊர்க் கொல்லர் நேர்மையாக அடித்துக் கொடுத்த வாளில், பின்னொரு காலத்தில் விலை ஏற்றுவதற்காகப் பெரிய ஆசான் ஒருவரின் பெயரை யாரோ வெட்டியிருக்கலாம். ஒப்பம் போலி, வாள் போலியன்று. விற்பவர் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவார். வாங்குபவர் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டுப் பழக வேண்டும்.

மரபு வாளை ஜப்பானியர் நிஹோன்தோ என்பார்கள். இரும்பு மணலையும் கரியையும் ததாரா என்னும் களிமண் உலையில் இட்டு எடுக்கும் தமாஹகானே என்ற எஃகை மடித்து மடித்து அடித்து, அலகாக நீட்டி, முதுகுப் பக்கம் தடிப்பாகவும் வெட்டுவாய்ப் பக்கம் மெல்லியதாகவும் களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்ப்பார்கள். மெல்லிய பூச்சுள்ள வாய் சட்டெனக் குளிர்ந்து மிகக் கடினமாகிறது. முதுகு மெதுவாகக் குளிர்ந்து இளகிய தன்மையோடு நிற்கிறது. இரண்டுக்கும் இடையே தெரியும் வெண்ணிற எல்லைதான் ஹமோன். அலகின் வளைவும் பெருமளவு இந்தத் தோய்ப்பில்தான் முழுமை பெறுகிறது.

நீள அளவு ஷாகுவில் சொல்லப்படும். ஒரு ஷாகு 30.3 செ.மீ. இரண்டு ஷாகுவுக்கு மேற்பட்டவை தாச்சி அல்லது கதானா, ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்டவை வாகிசாஷி, ஒன்றுக்குக் குறைந்தவை தான்தோ. இந்த நீளம் முனையிலிருந்து அலகு முடியும் முதுகுப் படி வரை நேர்கோட்டில் அளக்கப்படுவது, பிடியைச் சேர்த்து அன்று. காலப் பிரிவுகளைப் பொறுத்தவரை, வளைந்த வாள் உருவான ஹெயான் காலம் (794–1185) முதல் 1596 வரை கோதோ, அதிலிருந்து 1780 வரை ஷின்தோ, 1781 முதல் 1876 வரை ஷின்ஷின்தோ, அதற்குப் பிறகு கெந்தாய்தோ என்று பொதுவாக வழங்குகிறார்கள். 1876 என்பது பொது இடத்தில் வாள் அணிவதை மெய்ஜி அரசு தடைசெய்த ஆண்டு. அதோடு பெரும்பாலான கொல்லர்களின் பிழைப்பு போயிற்று.

இனி அந்த அடிப்பகுதிக்கு வருவோம். அதன் பெயர் நகாகோ. ஒரு மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால் பிடி கழன்று நகாகோ வெளியே வந்துவிடும். வாளின் அமைப்பே அப்படித்தான். அலகை ஒவ்வொரு தலைமுறையும் தீட்டி மெருகேற்றியிருக்கும், நகாகோவை யாரும் தொட மாட்டார்கள். எனவே அதிலுள்ள துரு அதன் பிறந்த நாளிலிருந்து சேர்ந்தது. மிகப் பழைய வாள்களில் அது கருமைக்கு நெருங்கிய, இறுகிய, தொட்டால் வழவழப்பான படலமாக இருக்கும். ஷின்தோ காலத்தவற்றில் அடர்ந்த காப்பிக்கொட்டை நிறம் தெரியும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தவற்றில் சாம்பல் நிற எஃகின் மேல் இளந்துரு மட்டுமே இருக்கும். வைத்திருந்த இடத்தின் ஈரப்பதத்தைப் பொறுத்து இது மாறும் என்றாலும், 400 ஆண்டு என்று சொல்லப்படும் வாளின் நகாகோ செங்கல் நிறத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்தால் அந்தத் துருவுக்கு வயது சில வாரங்கள்தான். அமிலமும் உப்பும் தடவி அப்படிச் செய்வது எளிது. அவசரத் துரு குழிகுழியாக அரித்திருக்கும். காலம் ஏற்றிய துரு எஃகின் மேல் தோல் போலப் படிந்திருக்கும்.

துருவுக்கு அடியில் அரத்தின் கோடுகளைத் தேட வேண்டும். பிடி கழன்று போகாமல் இறுகப் பிடிப்பதற்காகக் கொல்லர் நகாகோவை அரத்தால் சாய்வாகவோ கிடையாகவோ ஒழுங்காகக் கீறியிருப்பார். சாய்வின் கோணமும் திசையும் கொல்லர் மரபுக்கு மரபு மாறும் என்பதால் வல்லுநர்களுக்கு அது ஓர் அடையாளம். தொடக்கநிலையாளருக்கு வேண்டியது ஒன்றுதான்: கோடுகள் ஒரே சீராக, வேண்டுமென்றே போடப்பட்டவையாக இருக்கின்றனவா, பழமைக்கேற்ப மழுங்கியிருக்கின்றனவா, அல்லது சுழலும் சக்கரத்தில் தேய்த்த தாறுமாறான கீறல்களா என்று பார்ப்பது. ஆணி செல்லும் துளையும் பேசும். பழைய துளைகள் கையால் குத்தியவை. வட்டம் சற்றே கோணலாக இருக்கும். அச்சு வார்த்தாற்போன்ற வட்டம் துளைப்பானின் வேலை.

ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இருந்தால் புதியவர் மிரள்வார், மிரளத் தேவையில்லை. குதிரை மேலிருந்து வீசிய நீண்ட தாச்சிகளைப் பிற்காலத்தில் இடுப்பில் செருகிக்கொள்ள வசதியாக அடிப்பக்கத்திலிருந்து வெட்டிக் குறைத்தார்கள். அலகின் தொடக்கம் மேலே நகர்ந்தது, புதுத் துளை தேவைப்பட்டது, பழைய நகாகோவில் இருந்த ஒப்பமும் பல சமயம் வெட்டுண்டு போயிற்று. ஆகவே ஒப்பமில்லாத, மூன்று துளையுள்ள வாள் மிக உயர்ந்த வாளாகவும் இருக்கக்கூடும். நகல் செய்வோரும் இதை அறிந்து கூடுதல் துளை போடுகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. துளையின் எண்ணிக்கை எதையும் மெய்ப்பிக்காது. துளையின் உட்சுவரில் வெளிப்புறத்துக்கு இணையான துரு இருக்கிறதா என்பதே கேள்வி.

ஒப்பத்துக்கு ஜப்பானியச் சொல் 'மெய்'. தமிழ்க் காதில் விழும்போது சிரிப்பு வரத்தான் செய்யும், ஏனென்றால் வாளில் மிக அதிகமாகப் பொய் சொல்லும் இடம் அதுதான். பொய் ஒப்பத்துக்குக் 'கிமெய்' என்று தனிப்பெயரே இருக்கிறது. நல்ல வாள் உயர்ந்த அன்பளிப்பாகக் கைமாறிய எதோ (Edo) காலத்திலேயே (1603–1868) கிமெய் பெருகிவிட்டது; நாகசோனே கோதெத்சு என்ற 17ஆம் நூற்றாண்டுக் கொல்லரின் பெயர் மிக அதிகமாகப் போலி செய்யப்பட்ட பெயர்களுள் ஒன்று. ஜப்பானின் மிகப் புகழ்பெற்ற வாள் கொல்லரான மாசமுனேயின் பெயரை வெட்டிய வாளை விளம்பரத்தில் கண்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். அவர் ஒப்பமிட்டவையாக ஏற்கப்பட்டவை மிகச் சில, அவை ஏலத் தளத்துக்கு வருவதில்லை.

படத்தைப் பெரிதாக்கி உளி விழுந்த இடங்களைப் பாருங்கள். எழுத்துகள் உளியால் தட்டித் தட்டி வெட்டப்பட்டவை. ஒவ்வொரு தட்டிலும் ஓரத்தில் எஃகு சிறிது பிதுங்கி எழும்பும். பழைய ஒப்பத்தில் அந்தப் பிதுக்கம் தேய்ந்து, எழுத்தின் குழியிலும் வெளியிலும் துரு ஒரே நிறத்தில் இருக்கும். கறுத்த பரப்பில் எழுத்துக் குழி மட்டும் வெளுத்திருந்தால், துரு ஏறிய பிறகு வெட்டியது அது. நகல் வாள்களில் வேறொரு வேடிக்கையும் உண்டு: எழுத்துகள் அமிலத்தால் அரிக்கப்பட்டோ, இயந்திரத்தால் கீறப்பட்டோ ஒரே ஆழத்தில், உயிரில்லாத கோடுகளாகக் கிடக்கும்.

சில வாள்களில் ஒரு பக்கம் கொல்லர் பெயரும் மறுபக்கம் தேதியும் இருக்கும். தேதியைப் படிக்கும் அளவுக்கு ஜப்பானியம் கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். முதலில் சகாப்தத்தின் பெயர் இரண்டு எழுத்துகளில் வரும், பின்னர் எண், பின்னர் ஆண்டைக் குறிக்கும் 'நென்' என்ற எழுத்து, அதன் பின் மாதம். எண்களில் ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை அத்தனை கிடைக்கோடுகள். பத்து நம் கூட்டல் குறியேதான். 'ஷோவா', கூட்டல் குறி, ஏழு, 'நென்' என்றிருந்தால் ஷோவா 17ஆம் ஆண்டு. ஷோவா எண்ணோடு 1925 கூட்டினால் 1942. அதேபோல் கெய்யோ 2 என்றால் 1866, எய்ஷோ 5 என்றால் 1508. மாதம் பெரும்பாலும் இரண்டு அல்லது எட்டு என்றே இருக்கும். அது வழக்கம் பற்றி வெட்டுவது, நாட்குறிப்பு அன்று. போர்க்கால வாளை 'எதோ காலத்தது' என்று விற்கும் விளம்பரத்தில், நகாகோவின் படத்திலேயே 'ஷோவா' என்று தெளிவாக எழுதியிருப்பது அரிதன்று. பல சமயம் விற்பவர் ஏமாற்றுவதில்லை, அவருக்கும் படிக்கத் தெரியாது.

ஒப்பம் உண்மையாக இருந்தும் மதிப்பு குறைவாக இருப்பதற்கு பிசென் நாட்டு ஒசாஃபுனே ஊரின் சுகேசதா நல்ல எடுத்துக்காட்டு. அந்த ஊர் இன்றைய ஒகாயாமா மாகாணத்தில் இருக்கிறது. உள்நாட்டுப் போர்கள் நிறைந்த 16ஆம் நூற்றாண்டில் படைகளுக்கு வாள் மூட்டை மூட்டையாகத் தேவைப்பட்டது. சுகேசதா என்ற பெயரில் பலர் அங்கே வேலை செய்தார்கள். அவசரமாக அடித்துத் தள்ளிய வாள்களில் 'பிஷூ ஒசாஃபுனே சுகேசதா' என்று சுருக்கமாக இருக்கும். ஒருவர் கேட்டு, நேரம் எடுத்து அடித்த வாளில் 'பிசென் நோ குனி' என்று நாட்டின் முழுப் பெயரும், யோசோசாயெமோன் போன்ற தனிப்பெயரும் சேர்ந்து நீளமாக வரும். இரண்டும் அசல், இரண்டும் ஒரே நூற்றாண்டு. விலையோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. 'அசல்' என்ற சொல் விலையைச் சொல்லாது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

அலகின் படங்களிலும் சிலவற்றைக் கண்டுபிடிக்கலாம். ஒரே விளக்கின் ஒளியைச் சாய்வாக விழச்செய்து எடுத்த படம் இருந்தால், உண்மையான ஹமோன் வெள்ளைக் கோடாகத் தெரியாமல், பனிப்புகை போலவோ நுண்மணிகள் தூவியது போலவோ ஆழத்தோடு தெரியும். புகையாகத் தெரிவது நியோய், கண்ணால் பிரித்தறியும் மணிகளாகத் தெரிவது நியே. அமிலத்தில் தோய்த்தோ கம்பித் தூரிகையால் தேய்த்தோ வரைந்த போலி ஹமோன் எந்த ஒளியிலும் தட்டையாக இருக்கும். அலைகள் கோலத்தில் புள்ளி வைத்தது போல ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். அடுத்து முனையைப் பாருங்கள். முனைப் பகுதியைப் பிரிக்கும் யோகோதே என்ற குறுக்குக் கோடு, நல்ல வாளில் இரண்டு பரப்புகள் சந்திக்கும் உண்மையான விளிம்பு. மலிவான நகலில் அது உப்புத்தாளால் போட்ட வெறும் கீறல். ஹமோன் முனைக்குள்ளும் தொடர்ந்து சென்று பெரும்பாலும் முதுகை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். மடித்து அடித்த எஃகின் ரேகைகள் விறகின் ரேகை போலக் கறுப்பு வெள்ளையாக எட்டத்திலிருந்தே அலறினால் ஐயப்படுங்கள்; நிஹோன்தோவின் ரேகை அடக்கமானது, தேடினால்தான் கண்ணில் படும்.

போர்க்கால வாள்கள் தனிக் கதை. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பர்மாவிலும் 1945இல் சரணடைந்த ஜப்பானிய அதிகாரிகள் வாள்களை ஒப்படைத்தார்கள். அவற்றில் பல நினைவுப் பொருள்களாகக் கடல் கடந்து போயின. எனவே 'தாத்தா கொண்டுவந்தது' என்ற கதை உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது அலகின் வயதைச் சொல்வதில்லை. அதிகாரிகள் சிலர் வீட்டிலிருந்த மூதாதையர் வாளுக்கு இராணுவப் பிடியும் உறையும் மாட்டிக்கொண்டு போருக்குப் போனார்கள். வேறு பலர் கடையில் வாங்கிய, எண்ணெயில் தோய்த்த புது அலகைக் கட்டிக்கொண்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். நகாகோவில் சிறிய 'ஷோவா' முத்திரையோ 'செகி' முத்திரையோ குத்தியிருந்தால் அது பெரும்பாலும் முழு மரபு முறையில் அடிக்கப்படாதது. நட்சத்திர முத்திரை இருந்தால், தமாஹகானே கொண்டு அடிக்கத் தரைப்படை அங்கீகரித்த கொல்லரின் வேலை.

கீழ்நிலை அதிகாரிகளுக்கு வழங்கிய 95ஆம் வகை வாள் இயந்திரத்தில் செய்தது. 95 என்பது ஜப்பானியப் பேரரசு ஆண்டுக் கணக்கில் 2595இன் கடைசி இரண்டு இலக்கம், அதாவது 1935. அதன் பிடி பெரும்பாலும் உலோகத்தில் வார்த்து, நூல் சுற்றியது போல வண்ணம் தீட்டியது. அலகில் வரிசை எண் குத்தியிருக்கும், உறையிலும் அதே எண் இருக்க வேண்டும். இதன் நகல்கள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. நகல் செய்தவர் சில சமயம் வாளை உயர்த்திக் காட்ட எண்ணி அலகில் மடிப்பு ரேகை வருமாறு செய்துவிடுகிறார். இயந்திரத்தில் செய்த அலகில் மடிப்பு ரேகைக்கு என்ன வேலை? அவரது அதிக உழைப்பே அவரைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

பிடி, உறை, கைக்காப்பு ஆகியவற்றைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அவை உடைகள், வாள் தன் ஆயுளில் பல முறை உடை மாற்றியிருக்கும். வெறும் மரத்தாலான வெள்ளை உறையில் வந்தால் அது ஷிரசாயா என்னும் சேமிப்பு உறை, குறைபாடன்று.

சான்றிதழ்களில்தான் மீண்டும் குழப்பம் தொடங்குகிறது. ஜப்பானுக்குள் இருக்கும் ஒவ்வொரு மரபு வாளுக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தோரோகுஷோ என்ற பதிவுச் சீட்டு இருக்க வேண்டும். மாகாணக் கல்வி வாரியம் அதைத் தரும். நீளம், வளைவு, துளைகளின் எண்ணிக்கை, ஒப்பத்தின் வாசகம் ஆகியவை அதில் இருக்கும். ஒப்பம் உண்மை என்று அது சொல்லவில்லை. இன்ன வாசகம் வெட்டப்பட்டிருக்கிறது என்று மட்டும் பதிகிறது. நம் வண்டியின் பதிவுச் சான்று இயந்திரத்தின் தரத்தைச் சொல்லாதது போலத்தான். ஏற்றுமதியின்போது அச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதால், 'அசல் அரசுச் சான்றோடு உங்கள் வீட்டுக்கு அனுப்புகிறேன்' என்று யாராவது சொன்னால் நிறுத்திக் கேளுங்கள்.

மதிப்பீட்டுச் சான்று வேறு. 1948இல் தொடங்கிய நிஹோன் பிஜுத்சு தோகென் ஹோசோன் கியோகாய் என்ற சங்கம், தோக்கியோவின் ரியோகோகு பகுதியில் வாள் அருங்காட்சியகத்தையும் நடத்துவது, வாள்களை ஆராய்ந்து ஹோசோன், தொகுபெத்சு ஹோசோன், ஜூயோ, தொகுபெத்சு ஜூயோ என்று நான்கு படிகளில் சான்று தருகிறது. ஒப்பம் கிமெய் என்று தெரிந்தால் சான்று மறுக்கப்படும். இதிலிருந்து பயனுள்ள ஒரு கேள்வி பிறக்கிறது: பெரிய பெயர் தாங்கிய வாளை ஜப்பானிலிருந்தே விற்பவர், சில நூறு டாலர் செலவில் சான்று வாங்கிப் பன்மடங்கு விலைக்கு விற்கலாமே, ஏன் வாங்கவில்லை? விடை பெரும்பாலும் ஊகிக்கக் கூடியதே. 1982க்கு முந்தைய பழைய முறைச் சான்றுகளை, குறிப்பாகப் பச்சைத் தாளில் வந்தவற்றை, இன்று சேகரிப்போர் முழுமையாக நம்புவதில்லை. பெரிய பெயர்களுக்கு மறு ஆய்வு கேட்கிறார்கள். சான்றில் நகாகோவின் படம் இருந்தால், அதிலுள்ள துருத் திட்டுகளையும் துளைகளின் இடத்தையும் விளம்பரப் படத்தோடு ஒப்பிடுங்கள். நல்ல சான்றோடு வேறு வாளைச் சேர்த்து விற்பதும் நடப்பதுதான்.

படங்களால் ஆகக்கூடியது பெரும்பாலும் ஒதுக்குவதுதான். மேலே சொன்ன எதிலாவது தெளிவாக இடறும் வாளைத் தயங்காமல் விட்டுவிடலாம். எதிலும் இடறாத வாள் உண்மையானது என்று முடிவுகட்ட நேரில் கையில் எடுத்துப் பார்க்கும் வல்லுநர் வேண்டும். வெட்டுவாயிலிருந்து குறுக்கே ஓடும் ஹகிரி என்ற மயிரிழை விரிசல் வாளின் மதிப்பையே அழித்துவிடும். அது பெரும்பாலும் படத்தில் விழாது.

ஏலத்தில் விலை கேட்குமுன் விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள்: பிடி முழுவதும் கழற்றிய நகாகோவின் இரு பக்கங்கள், அதன் முதுகு, உறையின்றி முழு அலகு, முனை, சாய்ந்த ஒளியில் ஹமோன், பக்கத்தில் அளவுகோல். துருவைத் துடைக்க வேண்டாம் என்றும் சேர்த்து எழுதுங்கள். நல்லெண்ணத்தோடு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து 'சுத்தமாக்கி'ப் படம் அனுப்பியவர்கள் இருக்கிறார்கள், அந்தத் தேய்ப்போடு வாளின் வயதும் விலையும் சேர்ந்தே போய்விடுகின்றன. சிலருக்கு ஆணி இறுகிப்போய் பிடி உண்மையாகவே கழலாமல் இருக்கும். இராணுவ வாள்களில் இது நடக்கும். அப்போது விற்பவரைக் குறைசொல்ல ஏதுமில்லை. ஆனால் அவர் சொல்லும் 400 ஆண்டுக்கு விலை கொடுக்கவும் வேண்டியதில்லை. நகாகோவைப் பார்க்காத வாளுக்கு நகல் வாளின் விலையைக் கேளுங்கள், அதற்குமேல் போனால் அவரிடமே இருக்கட்டும்.